எடை குறைவாகப் பிறந்தவரா? அந்த எண்ணைத் தேடி எடுங்கள்

நான் பிறந்தபோது 1,750 கிராம். "ஒரு நல்ல விளமீன் எடைகூட இல்ல" என்று அம்மாச்சி இன்றைக்கும் சொல்லிக் காட்டும். அப்புறம் தேறி, வளர்ந்து, கல்யாணமும் ஆகி 41 வயது. போன வருடம் பல் பிடுங்கப் போன இடத்தில் பிரஷர் 160க்கு 100 என்று காட்டியது. பிறந்த எடையை அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு. அப்படிப் பிறந்தவர்களுக்கு நடுவயதில் பிரஷர், சர்க்கரை, மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதை டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1980களில் தொடங்கிப் பழைய பிறப்புப் பதிவேடுகளை வைத்துக் காட்டினார். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. காரணங்களில் ஒன்று இது: சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பெரும்பாலும் கர்ப்பத்தின் 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும், நமக்கு அதில் எண்ணிக்கை குறைவு, இருப்பதை வைத்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டும்.

முதல் வேலை, பிறந்த எடையைக் கண்டுபிடிப்பது. பழைய தாய் சேய் அட்டையிலோ டிஸ்சார்ஜ் சீட்டிலோ இருக்கும். இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் எத்தனையாவது மாசம், கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா என்று கேளுங்கள், அதுவே டாக்டருக்குப் போதும். வருடம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை பாருங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதை மட்டும் நீங்களாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நம்ம ஊர் வில்லங்கம், கருவாடு. விடச் சொன்னால் நானே கேட்க மாட்டேன். சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தடவை அலசிக் கொட்டிவிட்டு, குழம்பில் உப்பே போடாமல் கொதித்தபின் ருசி பாருங்கள், பெரும்பாலும் போட வேண்டியிருக்காது. அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். கருவாட்டைவிட மோசம் வலி மாத்திரை. கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் பாம்பன், மண்டபம் பக்கம் நாள் முழுக்க வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றுவிட்டு, வரும் வழியில் மெடிக்கலில் 'உடம்பு வலிக்கு ரெண்டு' என்று வாங்கிப் போடுகிறார்கள். வறண்ட உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். கடலுக்குப் போகிற ஆண்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.

ஒல்லியாகத்தானே இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள், இடுப்பை அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும்.

கையில் இப்போது சின்னக் குழந்தை இருந்தால், நெஞ்சோடு தோல் பட வைத்துக்கொள்ளுங்கள், தாய்ப்பால் கொடுங்கள். 2 கிலோவுக்குக் கீழே என்றால் 30 நாளைக்குள் கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும், இதில் தள்ளிப்போடவே கூடாது. காதுப் பரிசோதனையும், டாக்டர் சொன்னால் இரும்புச் சொட்டும். இரண்டு மாசம் முன்னால் பிறந்த பிள்ளையை ஆறாம் மாசத்தில் நான்கு மாசப் பிள்ளையாக நினைத்துத்தான் கவிழ்கிறதா, தலை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதுவரை இந்தக் கணக்கு, ஆனால் தடுப்பூசி பிறந்த தேதிப்படிதான். அப்படியும் பின்தங்கினால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். 'இளைச்சுப் பிறந்த பிள்ளை' என்று பள்ளி வயதில் பிஸ்கட்டும் மிக்சருமாகத் திணிப்பதும் ஆகாது. டெல்லியில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்துவந்தவர்களில், 2 வயதில் ஒல்லியாக இருந்து 12 வயதுக்குள் மளமளவென்று சதை போட்டவர்களுக்குத்தான் பின்னால் சர்க்கரை அதிகம் வந்தது. 2004இல் வெளியான ஆய்வு அது.

எடை குறைவாகப் பிறந்த பெண் கர்ப்பமானால், பதிவு செய்யும்போதே நர்சம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல். என் மூத்தவள் பிறந்தபோது 2,300 கிராம். ரேஷன் கார்டு உறைக்குள் துண்டுச்சீட்டில் அவள் எண்ணையும் என் எண்ணையும் எழுதிப் போட்டிருக்கிறேன்.