அட்டவணை கடைசியாக எப்போது மாறியது? நம்பக்கூடாத தேதிகள்

"நேற்று இரவு இந்த அட்டவணையில் யாராவது கை வைத்தார்களா?" என்று கேட்டால் தரவுத்தளம் ஏதோ ஒரு தேதியைக் காட்டும். அது நாம் கேட்ட தேதிதானா என்று பார்க்காமல் நம்புவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதலில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள். அதன் 'மாடிஃபை டேட்' அட்டவணையின் அமைப்பு மாறிய நாளைச் சொல்வது. ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் நகரும். லட்சம் பதிவுகளை அழித்தாலும் அசையாது. இன்னொரு தரவுத்தளமான ஆரக்கிளின் 'லாஸ்ட் டிடிஎல் டைம்' அதற்கு அண்ணன்: யாருக்காவது அனுமதி வழங்கினால்கூட மாறிவிடும்.

மைஎஸ்க்யூஎல்லில் 'அப்டேட் டைம்' இருக்கிறதே என்பீர்கள். மைஎஸ்க்யூஎல் தரவைச் சேமிக்க இயல்பாகப் பயன்படுத்தும் இயந்திரமான இன்னோடிபியின் அட்டவணைகளுக்கு அது நினைவகத்தில் மட்டுமே வாழ்கிறது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால் 'நல்', அதாவது மதிப்பே இல்லை, என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, மாற்றமே நடக்கவில்லை என்று சத்தியம் செய்தவர்களில் நானும் ஒருவன். 8.0 பதிப்பில் இன்னொரு பொறி: இந்த மதிப்பு தற்காலிகமாகச் சேமிக்கப்படுகிறது, இயல்பான ஆயுள் 86,400 வினாடி. அதாவது இன்று நீங்கள் பார்ப்பது நேற்றைய விடையாக இருக்கலாம். 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா ஸ்டாட்ஸ் எக்ஸ்பைரி' மாறியைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கேளுங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்று ஒவ்வொரு பதிவும் கடைசியாக மாறிய நேரத்தைக் குறிக்கும் 'அப்டேட்டட் அட்' நெடுவரிசையை நாமே வைத்துக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் அதன் அதிகபட்ச மதிப்பை எடுப்பவர்கள் அழிக்கப்பட்ட பதிவை மறந்துவிடுகிறார்கள். போன பதிவு தன் நேரத்தையும் எடுத்துக்கொண்டே போகிறது.

இதைவிடத் தந்திரமானது போஸ்ட்கிரெஸ் கதை. அங்கே நேரத்தைக் கேட்கும் 'நவ்' தருவது பரிவர்த்தனை (ஒன்றாகவே உறுதியாகும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கிய நேரம். 10:00 மணிக்குத் தொடங்கி 10:20க்கு உறுதியாகி மற்றவர் கண்ணுக்குத் தெரியவந்த பதிவில் 10:00 என்றே முத்திரை விழும். இடையில் 10:10க்கு ஓடிய நகலெடுப்பு வேலை, 10:08 முத்திரையுள்ள வேறொரு பதிவை எடுத்துக்கொண்டு, அடுத்த முறை 10:08க்குப் பிந்தையதை மட்டும் தேடும். நம் பதிவு நிரந்தரமாக விடுபடும், பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னோக்கிப் போய், உங்கள் மிக நீண்ட பரிவர்த்தனையின் நேரத்தையும் தாண்டி, மறுபடி எடுங்கள். ஒரே பதிவு இரண்டு தடவை வந்தாலும் கெடாதபடி வேலையை எழுதிவிட்டால் போதும்.

அழிப்புகளைப் பிடிக்கத் தனி அட்டவணையும், மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் ட்ரிகரும் வைக்கலாம். ஆனால் அட்டவணையை ஒரேயடியாகக் காலிசெய்யும் 'ட்ரங்கேட்' கட்டளைக்கு மைஎஸ்க்யூஎல்லின் டெலீட் ட்ரிகர் கண்விழிக்காது. அந்தக் கட்டளைக்கு, அட்டவணையையே நீக்க உதவும் 'ட்ராப்' அனுமதி தேவை; அதை எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.