காற்று அடித்தால் மட்டும் விரிந்த சுவர்

பருவமழை தொடங்கியதிலிருந்து எங்கள் கிழக்குக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு விரிசல். கொத்தனார் பூசிவிட்டுப் போவார். பலமாகக் காற்று அடித்த மறுநாள் அதே இடத்தில் மறுபடி விரியும். அஸ்திவாரம் இறங்குகிறது என்றார்கள். உள்பக்கம் தோண்டிப் பார்த்தால் உறுதியாகவே இருந்தது. சுவரை ஒட்டி நின்ற உயரமான மயில்கொன்றையின் கிளைகளைக் கழித்தோம். விரிசல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

விடை சுவருக்கு வெளியே, தெருப்பக்க மண்ணில் இருந்தது. பிறை வடிவில் ஒரு மெல்லிய வெடிப்பு. வெயிலில் வெடித்தது என்று யாரும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் ஈர மண்ணில் அப்படி வெடிக்காதே! காற்று வீசும்போது நின்று கவனித்தேன். மரம் வீட்டுப் பக்கம் சாயும்போது வெடிப்பு திறக்கிறது, நிமிரும்போது மூடுகிறது. வேர்த்தட்டே, அதாவது மரத்தடியில் வேரும் மண்ணும் பின்னிக் கிடக்கும் தட்டே, மேலெழும்பிச் சுவரையும் தூக்குகிறது. போன வருடம் அங்கேதான் குழாய்க்குப் பள்ளம் எடுத்தபோது பெரிய வேர்களை வெட்டியிருந்தார்கள். காற்று வரும் பக்கத்து வேர்கள்தான் மரத்தை இழுத்துப் பிடிப்பவை. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் எத்தனை மரங்கள் வேரோடு சாய்ந்தன!

அப்புறம் தாமதிக்கவில்லை. அனுமதி வாங்கி, விவரம் தெரிந்த ஆட்களை வைத்து, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினோம். அடியில் வெட்டிச் சாய்க்க மட்டும் விடாதீர்கள். பிடிப்பு போன மரம் வீட்டின் மேலேயே விழலாம். அதன் பிறகு பூசிய பூச்சு அடுத்த மழைக்காலத்திலும் விரியவில்லை. இப்போதுதான் நிம்மதி.