ரூட் 66: பழைய தடத்தைக் கண்ணால் படிப்பது எப்படி

சிங்கப்பூரில் சாலைப் பராமரிப்பு வேலையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தேன். குழி அடைப்பது, தார் வெட்டுவது, ராத்திரி ஒரு தடத்தை அடைத்து விடிவதற்குள் திறந்துவிடுவது. ஓய்வுபெற்ற பிறகு மனைவியும் மச்சானும் நானுமாக அமெரிக்காவில் ஓக்லஹோமாவிலிருந்து அரிசோனாவரை பழைய ரூட் 66-ஐப் பிடித்துக் கார் ஓட்டினோம். அதிலிருந்து தேக்காவில் தேநீர் குடிக்க உட்கார்ந்தாலே யாராவது, "அண்ணே, நாங்களும் போகணும், எப்படி?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரூட் 66 இன்று தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலில் இல்லை. முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1926 நவம்பரில் சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலிஸையும் இணைக்கும் சாலைக்கு அந்த எண்ணைக் கொடுத்தார்கள். எட்டு மாநிலங்கள், சுமார் 3,900 கிலோமீட்டர். 1956-இல் மாநிலங்களை இணைக்கும் அதிவேகச் சாலைகளுக்கான இன்டர்ஸ்டேட் சட்டம் வந்தது. அகலமான புதுச்சாலைகள் பக்கத்திலேயே ஓடத் தொடங்கின. 1985-இல் எண்ணையே எடுத்துவிட்டார்கள். அதனால் கூகுள் மேப்பில் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் போட்டால் அது ஐ-40 என்ற இன்டர்ஸ்டேட் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். பழைய சாலையோ ஊர்த் தெருவாகவும், வயலோரப் பாதையாகவும், சில இடங்களில் புல் மூடிய காங்கிரீட்டாகவும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

அதைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கலாம். ஒரு ஞாயிறு காலை ஓல்டு அப்பர் தாம்சன் சாலையில் நடந்து பாருங்கள். 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்த பாதையின் ஒரு பகுதி அது. மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும், நிலம் போகிற போக்கில் வளையும். பிறகு அப்பர் தாம்சன் சாலைக்கு வந்து நின்று இரண்டையும் ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் ஓக்லஹோமாவிலும் தெரியும்.

அங்கே ஐ-40-இல் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். ரயில் பாதையை ஒட்டி ஒரு சிறிய சாலை கூடவே வந்தால் அது பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்ப வரிசையும் நல்ல அடையாளம். அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் சாலை மறைந்துவிட்டது. பழைய தொலைபேசிக் கம்பங்கள் மட்டும் பாலைவனத்தில் வரிசையாக நின்று அது போன வழியைக் காட்டுகின்றன. அந்த இடத்தில் 1932-ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றின் துருப்பிடித்த கூட்டை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது காதால் கேட்பது. ஓக்லஹோமாவில் எல் ரீனோ என்ற ஊருக்கு மேற்கே ஹைட்ரோவரை பழைய காங்கிரீட் நிறைய இருக்கிறது. பலகை பலகையாக வார்த்திருப்பதால் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் 'டக்... டக்...' என்று சீராகத் தட்டும். ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். ஓரத்தில் காங்கிரீட் உதடு மாதிரி மேலே வளைந்திருக்கும், மழைநீரை ஓரமாக வழிநடத்துவதற்கு. அதைத் தொட்டுப் பார்க்க ஐந்து முறையாவது காரை நிறுத்தியிருப்பேன். சாலை வேலை செய்தவனுக்கு அது கோயில் சிற்பம் மாதிரி.

அந்த மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் மயாமிக்கும் ஆஃப்டனுக்கும் நடுவே 1922-இல் போட்ட ஒரு சாலை இருக்கிறது. அகலம் ஒன்பதே அடி. நம்மூரில் ஒரு தடமே அதைவிட அகலம். எதிரே வண்டி வந்தால் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஒதுங்க வேண்டும். மிச்சமிருக்கும் துண்டுகள் கரடுமுரடாக இருப்பதால் காரை விட்டு இறங்கி நடப்பது நல்லது.

பயண ஏற்பாடு பெரிய விஷயமில்லை. விசா இல்லாமல் அமெரிக்கா போவதற்கான எஸ்டா அனுமதி, பன்னாட்டு ஓட்டுநர் உரிமம், திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் புத்தகம் ஒன்று. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தன் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. போகிற ஊர்களுக்கு மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் ஒப்பந்தத்தைக் கவனமாகப் படியுங்கள், மண் சாலைக்குப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. டெக்சஸ் எல்லையில் கிளென்ரியோ என்ற ஆளற்ற ஊரைத் தாண்டியதும் பழைய தடம் மண்ணாகிவிடும். முந்தின நாள் மழை பெய்திருந்தது, நாங்கள் திரும்பிவிட்டோம். இன்னொன்று, அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வந்த மச்சான் நேராக எதிர்த் தடத்தில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் என் மனைவி "வலப்பக்கம்!" என்று குரல் கொடுத்தார். உங்கள் காரிலும் அந்த வேலையை ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

சரி, தூரத்திலிருந்து வருகிற நாம் இந்தச் சாலையைக் காப்பாற்ற என்ன செய்ய முடியும்? அரிசோனாவில் செலிக்மன் என்ற சிற்றூர். 1978 செப்டம்பரில் ஐ-40 திறந்ததும் அந்த ஊர்வழிப் போக்குவரத்து நின்றுபோனது. அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோ, 1987-இல் ஊராரைக் கூட்டிச் சங்கம் அமைத்து மாநில அரசிடம் போய் நின்றார். அதே ஆண்டில் செலிக்மனிலிருந்து கிங்மன்வரை உள்ள பழைய சாலை வரலாற்றுச் சாலையாக அறிவிக்கப்பட்டது. நாம் அங்கே போய்ச் சாப்பிடுவதும் தங்குவதும்தான் அந்த ஊர்களுக்கு வருமானம். நியூ மெக்சிகோவின் டுகும்காரியில் 1939-இல் கட்டத் தொடங்கிய புளூ சுவாலோ மோட்டலின் நியான் பலகை இன்றும் எரிகிறதென்றால் அங்கே தங்குகிறவர்களால்தான். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய விடுதிகளை விட்டுவிட்டு ஊருக்குள் தங்குங்கள்.

ஒரு துண்டு காங்கிரீட், ஒரு செங்கல் எடுத்துவர ஆசை வரும். எடுக்காதீர்கள். வேலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள், அது யாருடைய நிலமாகவோ இருக்கும். எடுத்து வர வேண்டியது பதிவு. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கட்டிய ஆண்டு பொறித்திருந்தால் படம் எடுங்கள். விரிசலைப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து எடுங்கள், அளவு தெரியும். இடக்குறியீட்டையும் தேதியையும் சேர்த்து அந்த மாநிலத்து ரூட் 66 சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த முறை போகிறவர் அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "எல் ரீனோவுக்கு மேற்கே, காலை 7.40. மூன்றாவது பலகை இணைப்பில் இரண்டு விரல் அகல விரிசல். உள்ளே புல். ஓர உதடு முழுசாக இருக்கிறது."