பேடாக் கண்ணோடு நாய், பூனை பார்த்துக்கொள்வது எப்படி?

ஊருக்குப் போகிறவர்களின் நாய், பூனைகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. குதிரைப் பந்தயம் என் பைத்தியம். ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிற இடம் பேடாக். அங்கே வேலியோரம் நின்று பழகிய கண்தான் எனக்கு இந்தத் தொழிலில் சோறு போடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தருவேன்.

ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் வயது, சுமக்கிற எடை, கடைசி ஓட்டங்களில் எத்தனையாவது வந்தது எல்லாம் நறுக்கென்று இருக்கும். வீட்டுக்காரர் கிளம்புமுன் அதே மாதிரி ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: எடை, மருந்தும் நேரமும், வழக்கமாக எவ்வளவு சாப்பிடும், எதைக் கண்டால் மிரளும். கால்நடை மருத்துவரின் எண்ணும், அவசரத்துக்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதும் எழுத்தில் வேண்டும். "ரொம்ப சாது, ஒண்ணும் பண்ணாது" என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவே வேண்டாம்.

அடுத்தது நடை. நாயைக் கொஞ்ச தூரம் சீராக நடக்கவிட்டு, காலை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும்; நல்ல கால் படும்போது கீழே இறங்கும். குதிரைக்கும் இதே கணக்குதான். மெல்ல ஓடவிட்டால் இன்னும் துலக்கமாகத் தெரியும். பின்னங்கால் என்றால் இடுப்பு ஒரு பக்கமாக ஏறி இறங்குகிறதா என்று பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

பேடாக்கில் தொடைகளுக்கு நடுவே நுரை தள்ள நிற்கிற குதிரை, ஓடுவதற்கு முன்பே தெம்பைப் பதற்றத்தில் இறைத்துவிடுகிறது. வெயில் நாளில் எல்லாமே வியர்க்கும் என்பதால் பக்கத்துக் குதிரையையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். நாயின் பதற்றம் வேறு வழியில் வரும்: உதட்டை நக்கும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும், வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். வால் ஆடுகிறதே என்று நம்பிக் கையை நீட்டாதீர்கள். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து ஆடினால் தள்ளி நில்லுங்கள்.

பூனைக்கு எல்லாமே மணல் தட்டில் இருக்கிறது. ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வரவில்லையென்றால் சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையென்றாலும் மருத்துவரைக் கேளுங்கள். அதிலும் குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். தூங்கும்போது மார்பு எழுந்து அடங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நாயோ பூனையோ, நிமிடத்துக்கு 30-க்கு மேலேயே இருந்துகொண்டிருந்தால் போன் போட வேண்டியதுதான்.

சரி, பந்தயம் எப்போது பார்ப்பது? சாப்பாடு, மருந்து, நடை எல்லாம் முடிந்தபிறகு. ஒரு ஓட்டம் என்ன, ஓரிரண்டு நிமிடம்! 1973-இல் அமெரிக்காவின் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் செக்ரடேரியட் என்ற குதிரை ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் முடித்து, 31 குதிரை நீளம் முந்தி வந்தது. சோர்ந்த மத்தியானங்களில் அந்தப் பதிவைப் போட்டுப் பார்ப்பேன், சத்தத்தை அணைத்துவிட்டு. கடைசி ஃபர்லாங்கில் வர்ணனையாளர் கத்த ஆரம்பித்தால் நாயும் சேர்ந்து குரைக்கும். வேலை நாளில் காசு கட்டுவதில்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் கவனம் நாயிடம் இருக்காது. கயிறு கையில் இருக்கும்போது போனை வெளியே எடுக்கவே கூடாது.

ராத்திரி வீட்டுக்காரருக்கு அனுப்பும் செய்தியில் "நல்லா இருக்கான்" என்று மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை தடவை வெளியே போனது, மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி, இன்று எடுத்த படம் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள்.