வேலூரை ஒட்டிய புறநகர் ஊருக்கு வரலாறு எழுதுவது எப்படி?

வேலூர்க் கோட்டைக்கும் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்கும் எழுத ஆள் உண்டு. பாலாற்றுக்கு அக்கரையில் காட்பாடி, இக்கரையில் சத்துவாச்சாரி என்று வந்துவிட்டால், "நேத்து வந்த ஊருக்கு என்னங்க வரலாறு?" என்பார்கள். ஸ்பெயினில் மாட்ரிட்டை ஒட்டி மோஸ்தொலெஸ் என்று ஒரு புறநகர் இருக்கிறது. 1960-ல் அங்கே மூவாயிரம் பேர்கூட இல்லை; இன்று இரண்டு லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் அடுக்குமாடிவாசிகள். ஆனால் 1808 மே 2 அன்று, மாட்ரிட்டில் பிரெஞ்சுப் படையை மக்கள் எதிர்த்த அதே நாளில், உதவிக்கு வரச்சொல்லி ஓர் அறிவிப்பு இங்கிருந்து கிளம்பியது. ஊரின் மேயர்கள் ஆந்த்ரெஸ் தொர்ரெஹோனும் சிமோன் எர்னாந்தெஸும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஊரின் பெருமை இன்றைக்கும் அந்தத் தாளின் மேல்தான் நிற்கிறது. நீங்களும் தேதி போட்ட தாளையும் கல்லையும் தேடித் தொடங்குங்கள். ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்ற கதை கடைசியில் வரட்டும்.

முதலில் எல்லை. நீங்கள் எழுதப்போவது வருவாய்க் கிராமமா, மாநகராட்சி வார்டா, ஜனங்கள் வாய்வழக்கில் சொல்லும் பரப்பா? வருவாய்க் கிராமத்தையே எடுங்கள், ஆவணங்கள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பழைய அட்டவணையில் 'வேலூர் மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 'வட ஆற்காடு' என்று தேட வேண்டும். 1911 வரை அதன் தலைமையிடம் சித்தூர் என்பதால், அதற்கு முந்தைய கடிதங்கள் சித்தூரிலிருந்து எழுதப்பட்டிருக்கும். 1989-ல் திருவண்ணாமலையும், 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே இரண்டு ஆண்டுகளின் மாவட்டப் புள்ளிவிவரத்தை ஒப்பிடுமுன் பரப்பு ஒன்றுதானா என்று பாருங்கள்.

அடுத்தது கல்வெட்டு. 1890-ல் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வேலூர், விரிஞ்சிபுரம் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில் ஒரு விரிஞ்சிபுரக் கல்வெட்டைக் கட்டாயம் படியுங்கள். படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்களில் கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் (குஜராத்துப் பக்கத்தவர்) என்று எல்லாப் பிரிவினரும் கூடி, பெண்ணைத் தானமாகத்தான் கொடுக்க வேண்டும், பொன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று எழுதிக்கொண்ட உடன்படிக்கை அது. சக ஆண்டு 1347. 78 கூட்டினால் கி.பி. 1425. பண்பாட்டைப் பற்றிப் பத்துப் பக்கம் பொதுவாக எழுதுவதைவிட இப்படி ஒரு கல் மேல்.

அச்சில் வராத கல்வெட்டு உங்கள் ஊர்க் கோயிலில் இருந்தால், நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிப் படம் எடுங்கள். எழுத்து தெரியட்டும் என்று சாக்கட்டியோ மாவோ எண்ணெயோ தடவாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வைத்து, வரிகள் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி துண்டு துண்டாக எடுங்கள். அடிக்கடி ஏமாற்றுவது திருப்பணியில் இடம் மாறிய கல். மேல் வரிசைக் கல்லில் உள்ள வாசகம் கீழே தொடரவில்லையென்றால் வேறு கோயில் கல்லாகவும் இருக்கலாம். அதை வைத்து ஊருக்கு வயது சொல்லக் கூடாது.

நிலத்துக்கு அ-பதிவேடு, அதாவது ஒவ்வொரு புல எண்ணின் விவரமும் உள்ள கிராம நிலக் கணக்கு. இணையத்தில் கிடைப்பது இன்றைய நிலவரம் மட்டுமே. தாலுகா அலுவலகத்தில் யு.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஏரி, வாய்க்கால், மந்தைவெளி என்று பதிவான புல எண்களை இன்றைய வரைபடத்தில் வண்ணம் தீட்டினால், எந்த நகர் எந்த ஏரிக்குள் கட்டப்பட்டது என்பது தானே வெளிவரும். சத்துவாச்சாரியும் தாராபடவேடும் 2011-ல் வேலூர் மாநகராட்சியோடு சேருமுன் தனி நகராட்சிகள். அந்தக் காலத் தீர்மானப் புத்தகங்களைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது திருவிழா நோட்டீஸை. மஞ்சள் தடவி, மடித்த இடத்தில் கிழிந்து, தர்மகர்த்தா வீட்டுப் பரணில் கிடக்கும். ஆண்டு, அச்சகம், எந்த நாள் யார் உபயம், எந்தக் கூத்து ஜமா, சாமி எந்தத் தெருவழியாகப் போகும், எல்லாம் அதில் இருக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் ஊரென்றால் அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு யாருக்கு என்று பல ஆண்டு நோட்டீஸ்களை அடுக்கிப் பாருங்கள். ஒரு தெரு பெயர் திடீரென்று நின்றுபோயிருந்தால் அங்கே ஒரு சண்டை இருக்கிறது. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நோட்டீஸைக் காட்டினால் பேச்சு வரும்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். "எம்.ஜி.ஆர். சாவுக்கு முன்னையா பின்னையா?" என்று கேளுங்கள், 1987 டிசம்பரை வைத்து நீங்கள் கணக்குப் பண்ணிக்கொள்ளலாம். எமர்ஜென்சியும் இந்திரா காந்தி கொலையும் இதே வேலைக்கு உதவும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். பதிவு செய்யுமுன் சம்மதம் கேளுங்கள். ஊர்த் தெருவில் மட்டும் பேசிவிட்டுக் காலனிக்குப் போகாமல் எழுதுவது பாதி வரலாறு. கோயில், குளம், சுடுகாட்டுப் பாதை பற்றி அங்கே வேறு கணக்கு இருக்கும். பெண்களிடம் ஆண்கள் இல்லாத பிற்பகலில் பேசுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் கல், பதிவேடு, நோட்டீஸ், வாய்மொழி என்று ஒரு குறி போடுங்கள். வாய்மொழி மட்டும் உள்ளதை 'என்கிறார்கள்' என்றே முடியுங்கள். அச்சுக்கு முன் பிரதியை ஊரில் ஒத்துப்போகாத இரண்டு தரப்புக்கும் கொடுத்துப் படிக்கச் சொன்னால், பிழை திருத்துபவர் கண்ணில் படாத தப்பெல்லாம் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிடும்.