கொரிய மொழி, இலக்கிய முதுநிலைப் படிப்பு: மாணவர் கற்றதை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக்கின் ஆறாம் நிலைச் சான்றிதழைக் காட்டி, “எங்கள் மாணவர்கள் உயர்நிலைக் கொரியத் திறன் பெற்றுவிட்டார்கள்” என்று துறை அறிக்கையில் எழுதுவது மிகவும் பழகிப்போன தவறு. எண் இருக்கிறது, அரசு முத்திரை இருக்கிறது, அறிக்கையைப் படிப்பவர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை மாணவர் எப்போது வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சேர்க்கைக்கு முன்பே வாங்கியிருப்பார்.

டோபிக் 1997-இல் தொடங்கிய தேர்வு. அதன் உயர்நிலைத் தேர்வான டோபிக் II 300 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. 230 எடுத்தால் ஆறாம் நிலை, அதற்கு மேல் நிலை கிடையாது. எழுத்துப் பகுதியின் மிகப் பெரிய கேள்விக்கு 600 முதல் 700 எழுத்துகளில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். தினசரி நாளிதழைப் படிக்க முடிகிறதா, விரிவுரையைப் பின்தொடர முடிகிறதா என்று பார்ப்பதற்கு அது போதும். கொரிய அரசின் உதவித்தொகையில் செல்லும் வெளிநாட்டு மாணவர் ஓராண்டு மொழிப் பயிற்சிக்குப் பிறகு மூன்றாம் நிலையாவது எட்டியாக வேண்டும் என்ற விதி இருப்பதும் இதனால்தான். வாசலில் நிற்பவரை உள்ளே விடலாமா என்று முடிவு செய்ய வைத்த தேர்வு அது. ஆறாம் நிலையோடு உள்ளே வந்து ஆறாம் நிலையோடு வெளியே போகிறவர் இரண்டு ஆண்டுகளில் என்ன கற்றார் என்பதை அது சொல்லாது. கொரிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லை. சியோலில் உள்ள ஒரு துறையில் வகுப்பின் பெரும்பகுதி அவர்கள்தான் என்றால், அவர்கள் கற்றதை எதை வைத்து அளப்பது?

மாணவர் கையோடு கொண்டுவந்தது எது, படிப்பு கொடுத்தது எது? மற்றத் தவறுகளும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவையே.

சரளமும் தேர்ச்சியும்

அமெரிக்கத் துறைகளில் இந்தக் குழப்பம் வேறு வடிவில் வரும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகம்போலக் கொரிய மொழியியலிலும் இலக்கியத்திலும் முதுகலை, முனைவர் பட்டங்கள் தரும் இடங்களில், கொரியாவிலிருந்து வந்தவர், கொரிய மொழியைப் பிற்காலத்தில் கற்றவர், குடியேறிய கொரியக் குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்தவர் எல்லோரும் ஒரே கருத்தரங்க வகுப்பில் இருப்பார்கள். கடைசியாகச் சொன்னவரின் பேச்சைக் கேட்டால் ஆசிரியருக்கு எந்தச் சந்தேகமும் வராது. உச்சரிப்பு சுத்தம், தயக்கமில்லை. மதிப்பீட்டு அட்டவணையில் “மொழித்திறன்” என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால் அதில் முழு மதிப்பெண் விழுந்துவிடும்.

ஆனால் கொரிய மொழியில் வினைமுற்று மாறும்போது உறவே மாறுகிறது. ஆய்வுக் கட்டுரை “-தா” என்று முடியும் எழுத்து நடையில் இருக்க வேண்டும். அதே கட்டுரையை மாநாட்டு மேடையில் வாசிப்பவர் “-சும்னிதா” என்று முடியும் முறைசார் நடைக்கு மாற வேண்டும். கேள்வி நேரத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் மறுப்புச் சொன்னால், “-யோ” என்று முடியும் பணிவான பேச்சு நடையை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம், எந்த இடத்தில் மறுபடி முறைசார் நடைக்கு ஏற வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அம்மாவிடமும் அண்ணனிடமும் மட்டும் பேசி வளர்ந்தவருக்கு இந்த ஏற்ற இறக்கம் தானாக வராது. எழுத்தில் பேச்சு நடை கசியும், மேடையில் வாக்கியங்கள் பாதியில் நிற்கும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையில் தினமும் போய்வரும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரே வாதத்தை மூன்று வடிவில் கேளுங்கள்: இரண்டு பக்கச் சுருக்கம், பத்து நிமிட உரை, முன்தயாரிப்பில்லாத கேள்வி பதில். மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள், மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். எந்த வடிவில் தடுமாறுகிறார் என்பதுதான் துறைக்குத் தேவையான செய்தி. சராசரி எடுத்தால் அதுதான் முதலில் காணாமல் போகும்.

“மூலநூல்களைப் படிக்கும் திறன்”

பல துறைகளின் கற்றல் விளைவுப் பட்டியலில் இப்படி ஒரு வரி இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எந்த மூலநூல், எந்த எழுத்தில் என்று சொல்லாதவரை அதை அளக்க முடியாது.

கொரிய இலக்கியத்தின் பழைய பரப்பில் மிகப் பெரும்பகுதி செவ்வியல் சீன மொழியில் எழுதப்பட்டது. பழைய கொரிய அரசான சில்லாவின் காலத்திலிருந்து வரும் ஹ்யாங்கா பாடல்கள் சீன எழுத்துகளைக் கொரிய ஒலிக்கும் பொருளுக்கும் கடன்வாங்கி எழுதப்பட்டவை. எஞ்சியிருப்பவை 25தான், சம்குக் யூசா நூலில் 14, துறவி க்யுன்யோவின் வரலாற்றில் 11. கொரியத்தின் சொந்த எழுத்தான ஹங்குல் 1446-இல் வெளியிடப்பட்ட பிறகு வந்த நூல்களில் இன்று வழக்கொழிந்த எழுத்துகள் உண்டு. எழுத்துக்கு இடப்பக்கம் தொனியைக் காட்டும் புள்ளிகள் உண்டு, உயர்ந்த தொனிக்கு ஒன்று, ஏறும் தொனிக்கு இரண்டு. நவீன இலக்கியத்துக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. 1920-களின் இதழ்களில் வரிகள் மேலிருந்து கீழாக ஓடும், சீன எழுத்துகள் ஹங்குலோடு கலந்திருக்கும், 1933-இல் ஒருங்கிணைந்த எழுத்துமுறை வருவதற்கு முந்தைய எழுத்துக்கூட்டல் இருக்கும். சீன எழுத்தில்லாமல் ஹங்குலிலேயே, அதுவும் கிடைமட்டமாக அச்சான நாடு தழுவிய நாளிதழாக ஹங்யோரே வந்தது 1988-இல்தான்.

இவ்வளவையும் “மூலநூல்” என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டு, தேர்வில் இன்றைய எழுத்துமுறைக்கு மாற்றி அச்சிட்ட கவிதையைக் கொடுத்து “இதன் கருப்பொருளை விளக்குக” என்று கேட்கிறார்கள். அது உயர்நிலைப் பள்ளிக் கேள்வி.

என்ன கேட்கலாம் என்பதற்குக் கையடக்கமான ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கிம் சோவோலின் புகழ்பெற்ற அசேலியாப் பூக் கவிதை முதலில் 1922-இல் கேப்யோக் என்ற இதழில் வந்தது. 1925-இல் தொகுப்பாக வந்தபோது கவிஞர் அதைத் திருத்தியிருந்தார். இன்றைய பாடநூல்களில் எழுத்துக்கூட்டல் நவீனமாக்கப்பட்டிருக்கிறது. மூன்று பக்கங்களின் படிகளையும் மாணவரிடம் கொடுங்கள். பழைய பக்கத்தைப் பார்த்துப் படியெடுக்கச் சொல்லுங்கள். எந்த வேறுபாடு கவிஞருடையது, எது பிற்காலப் பதிப்பாசிரியருடையது, எது வெறும் எழுத்துமுறை மாற்றம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். அந்த வேறுபாட்டால் வாசிப்பு எங்கே மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அரை நாளில் முடியும் இந்த வேலையில் படியெடுப்பு, பதிப்பு உணர்வு, விளக்கம் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். தாய்மொழியாளர் இதில் எளிதாக ஜெயித்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். கவிதையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர், பழைய பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தன் நினைவில் இருப்பதை எழுதிவைப்பார். சங்க இலக்கியச் சுவடியைக் கையில் எடுத்த தமிழ் மாணவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு.

ஆய்வேடு ஒன்றே சாட்சி

ஆய்வேடு ஏற்கப்பட்டது, ஆகவே எல்லா விளைவுகளும் நிறைவேறின. இந்தத் தர்க்கம் எல்லா நாட்டிலும் உண்டு, கொரியாவில் அதற்குக் கனம் கூடுதல். முதுகலைக்கு மூன்று பேர், முனைவர் பட்டத்துக்கு ஐந்து பேர் கொண்ட குழு ஆய்வேட்டைப் பார்க்கிறது. ஆனால் தகுதியில்லாததை நெறியாளர் பெரும்பாலும் குழுவரை வரவிடுவதில்லை. “நூறு சதவீதத் தேர்ச்சி” என்பது அந்த வடிகட்டலைக் காட்டும் எண்.

முடிந்த ஆய்வேட்டில் பல கைகள் இருக்கின்றன. நெறியாளர் வாதத்தைத் திருத்தியிருப்பார்; வெளிநாட்டு மாணவர் என்றால் கொரிய நண்பரோ, காசு வாங்கும் நடைத்திருத்துநரோ வாக்கியங்களைச் சீராக்கியிருப்பார். இதெல்லாம் குற்றமில்லை, மதிப்பீட்டாளர் மறந்துவிடுவதுதான் சிக்கல். இப்போது மொழிபெயர்ப்பு இயந்திரமும் சேர்ந்துகொண்டது. கொரிய இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புப் பரிசில், வெப்டூன் (இணையப் படக்கதை) பிரிவின் புதுமுக விருது பெற்றவர் பாப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலை செய்தார் என்பது பின்னர் வெளியே வந்து பெரிய விவாதமானது. அனுபவம் மிக்க நடுவர்களுக்கே முடிந்த பிரதியை மட்டும் பார்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் மொழியறிவு தெரிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் கொடுக்கும் குறைந்த சதவீதமும் இதே வகைதான். அது வேறொருவர் எழுத்தைத் திருடவில்லை என்று சொல்லும், அவ்வளவே.

ஆய்வேட்டோடு அதன் முதல் முன்மொழிவையும், இடையில் வந்த ஒரு வரைவையும் கோப்பில் வைத்திருங்கள். வாய்மொழித் தேர்வில், மாணவர் தன் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டிய நூலிலிருந்தே, அவர் மேற்கோள் காட்டாத ஒரு பக்கத்தைத் திறந்து படித்து விளக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டுரை எண்ணிக்கையைப் பற்றி இரண்டு வரி போதும். 1999-இல் தொடங்கிய பி.கே.21 போன்ற, பல்கலைக்கழக ஆய்வுக்கான கொரிய அரசின் நிதித் திட்டங்களின் போட்டியில், அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளை எண்ணும் பழக்கம் வேரூன்றிவிட்டது. சொற்றொகுதித் தரவோடு குழுவாக வேலை செய்யும் மொழியியல் மாணவரையும், ஒரே கையெழுத்துப் பிரதியோடு இரண்டு ஆண்டு மல்லுக்கட்டும் செவ்விலக்கிய மாணவரையும் அந்த எண்ணால் ஒப்பிட முடியாது.

முடிவைப் பார்த்து மதிப்பெண்

இந்தத் தவறு தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். அன்றிலிருந்து தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்ற ஆசை அவ்வப்போது தலைதூக்குகிறது. அங்கே மேற்படிப்புக்குப் போகும் தமிழ் மாணவர் யாராவது “அப்பா” இரண்டு மொழியிலும் இருக்கிறது என்று தொடங்கி நீண்ட பட்டியலோடு வந்து நிற்பது வியப்பில்லை. தேர்வாளர் இரண்டு விதமாகத் தவறலாம். பட்டியல் நீளமாக இருக்கிறது என்று மதிப்பெண் போடலாம். அல்லது இந்தக் கொள்கை மொழியியலாளர்களிடையே ஏற்கப்படாதது என்று சொல்லி வாசிக்காமலே தள்ளிவிடலாம். இரண்டிலும் மாணவரின் முறையியல் அளக்கப்படவில்லை. ஒலிகள் ஒழுங்காக ஒத்துவருகின்றனவா, சொல்லின் பழைய வடிவங்களை 15-ஆம் நூற்றாண்டு நூல்களில் தேடினாரா, தற்செயலையும் கடன் சொல்லையும் குழந்தைமொழிச் சொல்லையும் எப்படி விலக்கினார், எந்தச் சான்று கிடைத்தால் தன் கருத்தைக் கைவிடுவார்? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லி, இறுதியில் “உறவு நிறுவப்படவில்லை” என்று முடிக்கும் மாணவருக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

கற்பிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்வது

முதுநிலை மாணவர்களில் கணிசமானவர்கள் வெளிநாட்டினருக்குக் கொரியம் கற்பிக்கும் ஆசிரியராகவே போகிறார்கள். 2005-இல் நடைமுறைக்கு வந்த கொரிய மொழி அடிப்படைச் சட்டத்தின் கீழ் இதற்கு அரசுச் சான்றிதழ் உண்டு. பாடங்கள் ஐந்து பிரிவுகளாக வகுக்கப்பட்டு, கடைசிப் பிரிவாகச் செய்முறைப் பயிற்சி வைக்கப்பட்டிருக்கிறது. பாடங்களை முடித்ததையே திறனாக எடுத்துக்கொள்வது இங்கே நடக்கும் தவறு. எதைப் பற்றிய பேச்சு என்று காட்டும் “-உன், -நுன்” விகுதிக்கும் எழுவாயைக் காட்டும் “-இ, -கா” விகுதிக்கும் என்ன வேறுபாடு என்று தாய்மொழியாளரைக் கேளுங்கள். தவறில்லாமல் பயன்படுத்துவார், விளக்கச் சொன்னால் திணறுவார். தொடக்கநிலை மாணவர் எழுதிய பிழையான வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அந்த மாணவருக்குத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து விளக்கச் சொல்வது நல்ல சோதனை. வெளிநாட்டிலிருந்து வந்து கற்றவர் இதில் பல நேரம் முந்துவார்.

சிறிய எண்களும் அறிக்கைக் கோப்பும்

ஆண்டுக்கு நான்கு பேர் பட்டம் பெறும் துறை “75 சதவீதத்தினர் இலக்கை எட்டினர்” என்று எழுதுவது நகைப்புக்குரியது. மூன்று பேர் என்று எழுதலாம். அல்லது மூன்று, நான்கு ஆண்டுப் பணிகளை ஒன்றாக வைத்துப் படிக்கலாம். படிப்பவர் அந்த மாணவர்களின் நெறியாளராக இருக்கக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, மதிப்பெண் விலகும் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். மாணவர் கருத்துக் கணிப்பு பாடம் பிடித்திருந்ததா என்று சொல்லும். கற்றதற்கு அதைச் சான்றாக வைக்க முடியாது.

இவ்வளவும் செய்து கிடைத்ததை அங்கீகாரக் குழு வரும்வரை அலமாரியில் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய இதழ்ப் பக்கத்தைப் படியெடுக்கும் வேலையில் மூன்று ஆண்டுகளாக மாணவர்கள் சீன எழுத்திலேயே விழுகிறார்கள் என்று தெரிந்தால், விருப்பப் பாடமாகக் கிடக்கும் சீன எழுத்து வாசிப்பை முதல் பருவத்தின் கட்டாயப் பாடமாக்க வேண்டும். பிறகு வரும் மாணவர்களிடம் அதே பக்கத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.