பத்துத் தரம் வென்றவன் கெட்டிக்காரனா? ட்ரேடிங்கில் விடும் பிழைகள்

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் எந்தத் தேத்தண்ணிக் கடையில் இருந்தாலும், "ஒரே இரவில் நாற்பதாயிரம் அண்ணை" என்று போனில் பச்சை இலக்கம் காட்ட ஒரு பொடியன் வந்துவிடுவான். எவ்வளவு முதல் போட்டான், போன கிழமை எவ்வளவு விட்டான் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்காது.

அதைப் பார்த்து ஏமாறுவதுதான் முதல் பிழை. 1,024 பேர் காசு சுண்டிப் பூவா தலையா சொன்னால், பத்துத் தரமும் சரியாகச் சொல்பவர் சராசரியாக ஒருவர் இருப்பார். அவர்தான் அப்புறம் டெலிகிராமில் வகுப்பு எடுப்பார், மிச்சப் பேரை யார் விசாரிக்கிறார்கள்?

சந்தை ஏறும்போது வந்த லாபத்தைத் தன் கணக்கில் எழுதுவது அடுத்தது. இரணைமடுக் குளம் நிரம்பிய வருடத்தில் சிறுபோகம் விளைந்ததை வைத்து யார் நல்ல கமக்காரன் என்று சொல்ல முடியாது. 2021இல் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி (எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் ஒரே இலக்கத்தில் காட்டுவது) ஏறக்குறைய 80 வீதம் ஏறியது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவரும் நிபுணர் ஆனார். 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டிய அதே சுட்டி ஏப்ரல் கடைசியில் 8,000க்குக் கீழே கிடந்தது.

வென்ற தடவைகளை எண்ணுவது இன்னும் மோசம். "நூற்றில் தொண்ணூறு வென்றேன்" என்பவரிடம் கணக்கைக் கேளுங்கள்: 90 தரம் 500 ரூபாய் வந்தால் 45,000, 10 தரம் 6,000 போனால் 60,000. ஆள் 15,000 நட்டத்தில் நிற்கிறார், ஆனால் மனதில் வெற்றிதான் நிற்கும். தோற்கத் தோற்க இரட்டிப்பாகப் போடுகிறவர்களின் கணக்கும் இப்படித்தான், மாதக்கணக்கில் சின்னச் சின்ன லாபம், பிறகு ஒரே நாளில் எல்லாம் போய்விடும்.

லீவரேஜ், அதாவது கையில் உள்ள காசைவிடப் பலமடங்கு பெரிய தொகைக்குக் கடனில் வியாபாரம் செய்வது, இதைவிடக் கெதியாக முடித்துவிடும். ஒன்றுக்கு நூறு என்று எடுத்தால் விலை ஒரு வீதம் எதிர்ப்பக்கம் போனாலே போட்ட காசு முழுக்கப் போச்சு, உங்கள் கணிப்பு பின்னேரம் சரிவந்தாலும் பிரயோசனமில்லை. ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் இந்த வகை வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு போட்டபோது, சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 வீதம் வரை நட்டப்படுகின்றன என்றது. மனிசியின் சங்கிலியை அடகு வைத்து இதற்குள் இறங்குகிறவர் நட்டத்தோடு வட்டியும் கட்டவேண்டும்.

திறமை உண்டா என்று உண்மையாகவே பார்க்க ஆசையா? வாங்க முன்னமே ஏன் வாங்குகிறேன், எந்த விலையில் பிழை என்று ஒத்துக்கொள்வேன் என்று கொப்பியில் எழுதுங்கள். ஏறும் சந்தை, இறங்கும் சந்தை இரண்டிலும் சில நூறு வியாபாரம் சேர்ந்தபிறகு, கட்டணமும் கழித்து, சும்மா சுட்டியில் உள்ள பங்குகளை எல்லாம் வாங்கி வைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.